கபிலர் பாலை பாடிய கதை

சென்ற ஆண்டு ஒரு கட்டுரை எழுதினேன். 14 பக்கம். தலைப்பு ‘நெடும்பாட்டில் கபிலர்’. அனுப்ப வேண்டிய இதழின் முகவரியைக்கூட மேலே தட்டிவைத்தாகிவிட்டது. கட்டுரையின் வாதம் இதுதான். கபிலரை நாம் குறிஞ்சிக் கபிலர் என்கிறோம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அது சரி. ஆனால் அகநானூற்றில், அதாவது 13 அடிக்கு மேல் போகும் நெடும்பாட்டுகளில், அவருடைய 18 பாடல்களில் 17 பாலை. ஒன்றே ஒன்றுதான் குறிஞ்சி. பாட்டு நீள நீள மனிதர் மலையை விட்டு இறங்கிச் சுரத்தில் நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று ஒரு பக்கம் கோபப்பட்டிருந்தேன். மரபின் சோம்பல், உரையாசிரியர்களின் பழக்கதோஷம் என்றெல்லாம். பிறகு காரணமும் கண்டுபிடித்தேன். பாரி இறந்தபின் பறம்பு மலையை விட்டு அவன் மகளிரோடு வெளியேறிய கபிலரைப் புறநானூறு காட்டுகிறது. மலையை இழந்த கவிஞன் வேறெங்கே போவான்? பாலைக்குத்தான். எஞ்சிய அந்த ஒற்றைக் குறிஞ்சிப் பாட்டு, 203ஆம் பாட்டு, பறம்பின் நினைவு எச்சம். இதை எழுதிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

சங்க இலக்கியத்தில் கொஞ்சம் பழக்கம் உள்ள வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அகநானூற்றில் கபிலருடைய பாடல்கள் 17 குறிஞ்சி, ஒன்று பாலை. நான் அப்படியே தலைகீழாக வைத்திருந்தேன். அந்தத் தலைகீழுக்கு 14 பக்கம் அழகியலும் எழுதிவிட்டேன்.

எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதில் என் மடத்தனம் பாதி. மீதிப் பாதி தொகுப்பு என்ற காரியத்தைப் பற்றியது.

சங்கப் பாடல்களை ஒரே அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. ஒரு வரிசைக்கு ஒரு பாட்டு; பக்கத்தில் தொகை, எண், புலவர், திணை, அடிகள். இணையத்தில் கிடைக்கும் மின்பாடங்களை எடுத்து, பாட்டுக்கு ஒரு கோப்பாக நறுக்கி, தொகைக்கு ஒரு அடைவில் போட்டிருந்தேன். அகநானூற்றுக்கு மட்டும் 400 கோப்புகள். எல்லாவற்றையும் அடுக்கி ஒன்றாக ஒட்ட பைத்தானில் ஒரு சிறு நிரல். இருபது வரிகூட இல்லை. கோப்புகளைப் பட்டியல் எடு, ஒவ்வொன்றாகத் திற, வரிசைகளை எடுத்து ஒரே பெரிய கோப்பின் கடைசியில் சேர். கல்லூரியில் முதல் வருஷப் பையன் எழுதிவிடுவான்.

அந்த முதல் வருஷப் பையன் செய்யும் எல்லாத் தப்பையும் நானும் செய்தேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எண், புலவர், திணை, பாடல் என்று ஒரு தலைப்பு வரிசை இருந்தது. அதை நீக்காமல் ஒட்டியதில் ‘புலவர்’ என்ற பெயருடைய ஒரு புலவர் முளைத்துவிட்டார். அவர் பாடிய பாட்டின் பெயர் ‘பாடல்’, அதன் திணை ‘திணை’. கபிலரைவிட அதிகம் பாடியிருந்தார். அடுத்தது வரிசை. 1, 2, 3 என்று பெயரிட்ட கோப்புகளைக் கணினி எழுத்தாக நினைத்து அடுக்கினால் 1க்குப் பிறகு 10 வரும், 100 வரும், 2 வருவதற்குள் நூறு பாட்டு ஓடியிருக்கும். எண்களை 001, 002 என்று மாற்றி அதைச் சரி செய்தேன். சில கோப்புகளின் கடைசியில் வரி முறிவு இல்லை. அங்கே ஒரு பாட்டின் கடைசி அடியும் அடுத்த பாட்டின் எண்ணும் ஒட்டிக்கொண்டன.

ஓரம்போகியார் இரண்டு பேராக வந்ததுதான் எனக்குப் பிடித்த தப்பு. திரையில் இரண்டு பெயரும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றுபோல இருந்தன. கணினி வேறு வேறு என்று சாதித்தது. யூனிகோடில் ‘போ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதைச் சமன்படுத்த ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி வேண்டும் என்று தெரிவதற்குள், மருதம் பாடிய ஓரம்போகியாருக்கு ஒரு தம்பியை உண்டாக்கியிருந்தேன்.

இதையெல்லாம் தாண்டி வந்தவனுக்கு ஒரு திமிர் வரும். எனக்கு வந்தது. நான் எடுத்த பாடத்தில் அகநானூற்றுக்குத் திணைக் குறிப்பு இல்லை. அதற்குத் தனியாக எதையும் தேட வேண்டாம் என்று நினைத்தேன். ஏனென்றால் அகநானூற்றில் பாட்டின் எண்ணே திணையைச் சொல்லும். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை. 6 மருதம். 10, 20 என்று முடிந்தால் நெய்தல். நானூறு பாட்டும் இந்த ஒழுங்கில்தான். ஆக பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் 40, 40, 40. தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்கிறது பழங்குறிப்பு. உருத்திரசன்மர் பெரிய ஆள். தரவுக்குள்ளேயே சரிபார்ப்பு எண்ணை வைத்துவிட்டார். ஒரு ஏடு இடம் மாறினால் திணை உளறும், உடனே தெரிந்துவிடும்.

அந்த விதியை நிரலில் நான்கு வரியில் எழுதினேன். ஆனால் பாட்டின் எண்ணை அதற்குக் கொடுக்கவில்லை, ஒட்டிய அட்டவணையின் வரிசை எண்ணைக் கொடுத்தேன். பைத்தான் 0 முதல் எண்ணும். முதல் பாட்டு 0, இரண்டாம் பாட்டு 1. ஒற்றை எல்லாம் இரட்டையாயிற்று, இரட்டை எல்லாம் ஒற்றையாயிற்று. பாலைப் பாட்டு ஒன்றுகூடப் பாலையாக இல்லை. பாலையல்லாத 200 பாட்டும் பாலை. நானூறில் நானூறும் தப்பு.

சரிபார்க்காமலும் இல்லை. சரிபார்த்தேன். பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40. அச்சு அசலாகப் பொருந்தியது. எல்லா வரிசையும் ஓரிடம் தள்ளிப்போனால் கூட்டுத்தொகை மாறாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அதற்குப் பிறகு சந்தேகமே வரவில்லை. கபிலரை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். 17 பாலை. கை நடுங்கியது.

*

பாளையங்கோட்டையில் எனக்கு ஓர் ஐயா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார், அட்டைகளில். ஒரு பாட்டுக்கு ஓர் அட்டை. அவர் வீட்டு மச்சில் செருப்புப் பெட்டிகளில் சங்க இலக்கியம் இருக்கிறது. பதினோரு வருஷ வேலை. நான் ஒரே இரவில் முடித்த அட்டவணையை அச்சடித்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கட்டுரையைக் காட்டத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டாலும், அட்டவணையைக் காட்டி அவருடைய பெட்டிகளைப் பார்க்கும் ஒரு சின்னக் குரூரம் உள்ளே இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

அவர் கட்டுரையைத் தொடவில்லை. அட்டவணையின் முதல் தாளை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“தம்பி, அகநானூறு மொத பாட்டு யாரு?”

“மாமூலனார் ஐயா.”

“என்ன திணைன்னு போட்டிருக்க?”

பார்த்தேன். நெய்தல் என்றிருந்தது.

“மாமூலனாரு அகநானூத்துல பாடினது பூராவும் பாலை. ஒண்ணுகூட வேற கெடையாது. ஒன் தாளுல அவருக்கு ஒரு பாலைகூட இல்லையே. மனுசன் என்ன பாவம் செஞ்சாரு?”

எனக்கு வியர்த்துவிட்டது. நிரலைப் பற்றி, வரிசை எண்ணைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டினார்.

“அது கெடக்கட்டும். கபிலரோட ரெண்டாம் பாட்டுல கடுவன் என்ன பண்ணுது? வாழையும் பலாவும் உதிர்ந்து சுனையில தேறலாக் கெடக்கு. தண்ணின்னு நெனச்சுக் குடிச்சுட்டு, மரம் ஏற முடியாம பூப்படுக்கையில தூங்குது. சொகமா. இது ஒனக்குப் பாலையாத் தெரிஞ்சுதா?”

பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். கல்லூரிக் காலத்திலேயே படித்திருக்கிறேன். கட்டுரை எழுதிய மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. 17 என்ற எண்ணைப் பார்த்தேன், பாரியைப் பார்த்தேன், எனக்கு வேண்டிய கதையைப் பார்த்தேன். பறம்பின் எச்சம் என்று நான் உருகிய 203ஆம் பாட்டு, மகள் உடன்போக்கில் போனபின் தாய் பேசுவது. கபிலரின் அந்த ஒரே ஒரு நெடும்பாலையைத்தான் நான் குறிஞ்சியாக்கியிருந்தேன்.

கணினியின் மீது பழி போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் நிரலின் தப்பு ஒரு எண்தான். விமர்சனத்தின் தப்புக்கு 14 பக்கம் பிடித்தது. எந்த அட்டவணையைக் கொடுத்திருந்தாலும் நான் ஒரு விளக்கம் சொல்லியிருப்பேன் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. கபிலர் நெடும்பாட்டில் மருதம் பாடினார் என்று வந்திருந்தால், பாரிக்குப் பின் வயல்நாடுகளுக்குப் போனதைச் சொல்லியிருப்பேன். நெய்தல் என்றால் கடலைப் பார்த்தார் என்றிருப்பேன். நம் திறனாய்வில் பாதி இப்படித்தான் ஓடுகிறதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. பெயர் சொல்லி வம்பு வளர்க்கப் போவதில்லை. என் கட்டுரையே போதுமான சாட்சி.

*

அதற்குப் பிறகு தொகுப்புகளையே வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். தொகுத்தவன் என்ன செய்தான் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

குறுந்தொகை 4 முதல் 8 அடி. நற்றிணை 9 முதல் 12. அகநானூறு 13 முதல் 31. அங்கங்கே ஓரிரண்டு பாட்டு மீறும். குறுந்தொகையில் 307, 391 இரண்டும் 9 அடி. ஆனால் மொத்தத்தில் இடைவெளியும் இல்லை, மேல்விழுதலும் இல்லை. தனித்தனியாகப் பிறந்த மூன்று நூல்கள் இப்படிக் கச்சிதமாக அடுத்தடுத்து உட்காராது. ஒரே குவியலை அடிக்கணக்கில் மூன்றாகப் பிரித்த மாதிரி இருக்கிறது என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருப்பதில் எனக்கும் உடன்பாடு. அப்படியானால் குறுந்தொகைக் கபிலர், நற்றிணைக் கபிலர், அகநானூற்றுக் கபிலர் என்பவர்கள் அளவுகோலால் மூன்றாக வெட்டப்பட்ட ஒரே ஆள். ‘நெடும்பாட்டில் கபிலர்’ என்ற என் தலைப்பே தொகுத்தவன் போட்ட கோட்டைக் கவிஞன் போட்ட கோடாக எடுத்துக்கொண்டது. திணை சரியாக இருந்திருந்தாலும் அந்தக் கட்டுரை நொண்டியிருக்கும்.

இந்த வெட்டை ஒட்டிப் பார்த்த பெரிய முயற்சி 1940இல் வந்தது. சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட ‘சங்க இலக்கியம் (பாட்டும் தொகையும்)’. எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பு. பாட்டையும் தொகையையும் நூல் வரிசையில் தராமல், புலவர் வரிசையில் தந்தார். 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியதிலிருந்து, 1894இல் உ.வே.சா. புறநானூறு, 1903இல் ஐங்குறுநூறு, 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் நற்றிணை என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொருவர் உழைப்பாக வந்தவற்றை எடுத்து ஒரே அடுக்காக அடுக்கி, புலவர் பெயரால் வகைப்படுத்தினார்கள். இன்று ஒரு கட்டளையில் நடக்கும் காரியம். அன்று அதை மனிதர்கள் தாளில் செய்தார்கள். எத்தனை ஓரம்போகியார்களை அவர்கள் சந்தித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பதிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு மனத்தாங்கலும் உண்டு. மரியாதை, ஒரு புலவரை முழுசாகப் படிக்க முடிந்ததற்காக. பரணரின் அகத்தையும் புறத்தையும் ஒரே மூச்சில் படித்தால், காதல் பாட்டுக்குள்ளும் போர்களை உவமையாகக் கொண்டுவந்து திணிக்கும் அந்த மனத்தின் பழக்கம் தெரிகிறது. நூல் வரிசையில் அது சிதறிக் கிடக்கும். மனத்தாங்கல், அகநானூற்றுக்கு நேர்ந்ததில். பாலை, குறிஞ்சி, பாலை, முல்லை, பாலை, மருதம் என்று அது நடக்கும் நடை புலவர் வரிசையில் காணாமல் போகிறது. உருத்திரசன்மர் ஒவ்வொரு கூடலுக்கும் ஊடலுக்கும் இரண்டு பக்கமும் ஒரு பிரிவை நிறுத்தினார். முதல் 120 பாட்டுக்குக் களிற்றியானை நிரை, அடுத்த 180க்கு மணிமிடை பவளம், கடைசி 100க்கு நித்திலக் கோவை என்று பெயர் வைத்த மரபு, கோத்த ஒழுங்கைத்தான் போற்றியது. யானை வரிசை, மணியும் பவளமும், முத்துக் கோவை. மூன்றும் அடுக்கின் பெயர்கள்.

எண்ணிக்கையை வைத்துப் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. அகநானூற்றில் பாதி பாலை, ஆகவே சங்கப் புலவருக்குப் பாலைதான் பிடித்த திணை என்று ஒருவர் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாதி உருத்திரசன்மர் ஒதுக்கிய இடம். அது அவருடைய ரசனைக்குச் சாட்சி. புலவர்கள் என்ன பாடினார்கள் என்பதற்கு அவ்வளவு நேரான சாட்சி அல்ல. அதேபோல, போட்டித் தேர்வுக் கையேடுகளில் சங்கப் பாடல்களை அதிகம் பாடியவர் பட்டியல் ஒன்று வரும். கபிலர் 235 என்று தொடங்கும். அடுத்து அம்மூவனார், ஓரம்போகியார், பேயனார், ஓதலாந்தையார். இந்த ஐவரும் யார் என்று பாருங்கள். ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறாகப் பாடிய அதே ஐவர். அந்த நூறை எடுத்துவிட்டால் ஓதலாந்தையாருக்கு விரல்விட்டு எண்ணும் பாட்டுத்தான் மிஞ்சும். அப்படிப்பட்டவர் பரணருக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறார்.

பெயர் இல்லாதவர்கள் கதை இன்னும் விசேஷம். மொத்தம் 2381 பாடல், பெயர் தெரிந்த புலவர் 473 பேர், ஆசிரியர் பெயர் தெரியாதவை 102 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. புலவர் பெயரால் என் அட்டவணையைக் குழுக்களாகப் பிரித்தபோது அந்த 102 பாட்டையும் காணவில்லை. நான் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு, வெற்றுக் கட்டம் உள்ள வரிசைகளைக் குழுவாக்கும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். கேட்டால்தான் சேர்க்கும். சேர்த்தால் வேறு வினை. எல்லா வெற்றும் ஒரே பெயராகி, அநாமதேயர் என்ற ஒரு மகாகவி பரணரைத் தாண்டி எழுந்து நிற்கிறார்.

பழைய தொகுப்பாளர்கள் இந்த இடத்தில் செய்ததுதான் என்னை வாயடைக்க வைத்தது. பெயர் கிடைக்காத சில இடங்களில் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்துப் பெயராக வைத்தார்கள். குறுந்தொகை 40க்குச் செம்புலப்பெயல்நீரார். 41க்கு அணிலாடு முன்றிலார். ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். வெற்றுக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. அதைவிட, அது ஒரு விமர்சனத் தீர்ப்பும்கூட. அந்தப் பாட்டில் எது உயிர் என்று யோசித்து, அதைப் பிடுங்கிப் பெயராக வைத்திருக்கிறார்கள். 41ஆம் பாட்டில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. மனிதர் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைத்தான் எடுத்தார்கள். என் 14 பக்கத்தில் இப்படி ஒரு வாசிப்பு இல்லை.

இழந்ததை இழந்ததாகவே வைத்ததும் அவ்விதமே. புறநானூற்றில் 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. பதிப்பில் அந்த எண்கள் வெறுமையாக நிற்கின்றன. 269 தன் இடத்திலேயே இருக்கிறது. ஐங்குறுநூற்றில் 129, 130. நற்றிணையில் 234. என் நிரல் இருக்கும் கோப்புகளை மட்டும் ஒட்டி 1 முதல் எண் போட்டிருந்தது. புறநானூறு 398இல் முடிந்திருந்தது, 266க்குப் பிறகு ஒவ்வொரு பாட்டும் இரண்டு இடம் முன்னால். எந்த நூலின் எந்த எண்ணோடும் அது பொருந்தவில்லை. இதையும் ஐயாதான் காட்டினார். “இல்லாத பாட்டுக்கும் எங்கிட்ட அட்டை இருக்கு, தம்பி” என்று ஒரு பெட்டியைத் திறந்தார். இரண்டு வெற்று அட்டைகள், மூலையில் எண் மட்டும்.

அட்டவணையைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாட்டின் எண்ணைப் பாட்டிலிருந்தே எடுக்கிறேன். இல்லாத பாட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. வேலை நக்கீரரில் நிற்கிறது. நக்கீரர், நக்கீரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மூன்று எழுத்து வடிவம். எல்லாரும் ஒருவர்தானா? ஓரம்போகியாரைச் சேர்த்த அந்த ஒரு வரி இங்கே உதவாது. ஐயாவிடம் கேட்டேன். அவரிடமும் மூன்று அடுக்காகத்தான் இருக்கிறதாம், ஒரு ரப்பர் பேண்டு போட்டு.

நான் விட்டுவிட்டு வந்த பழைய அட்டவணைத் தாள்களை அவர் தூக்கிப் போடவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று நான்காக வெட்டி, பரிபாடலுக்கு அட்டை போட வைத்துக்கொண்டார். போன வாரம் போனபோது ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். வையை அட்டையின் முதுகில் கபிலர், 2, பாலை என்று இருந்தது.